வில்லியனூர் சாலையில் ஒரு முன்சக்கரம்

1958 ஜனவரி பத்தாம் தேதி மாலை ஏழு மணிக்கு, எங்கள் சென்னை வீட்டுச் சமையலறையில், புதுச்சேரிக்குப் பிளாஸ்க் கொண்டுபோவதில்லை என்ற முடிவு எடுக்கப்பட்டது. கொண்டுபோக வேண்டும் என்பது என் கட்சி. போகிற இடமெல்லாம் காப்பி கிடைக்கும் என்பது என் மனைவி கமலாவின் கட்சி. விவாதம் இரண்டு நாள் நீடித்தது. இறுதியில் பிளாஸ்க் அலமாரிக்குத் திரும்பியது. அதன் பிறகு ரயில் டிக்கெட் வாங்குவது போன்ற சில்லறை வேலைகள் மட்டுமே மீதி இருந்தன.

பொங்கல் விடுமுறையில் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் கலைந்துபோவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று கமலா சொன்னாள். ஊர் கலையவில்லை. தபால் பெட்டிகளின் நிறம் மட்டும் மாறியிருந்தது.

வில்லியனூர் கோயிலையும் அதற்கப்பால் திருவக்கரையையும் ஒரே நாளில் பார்க்க வாடகைக் கார் பேசினோம். நாள் வாடகை முப்பது ரூபாய், பெட்ரோல் உட்பட. கார் ஒரு பிரெஞ்சு அதிகாரி விட்டுப்போனது. வயது இருபதுக்குக் குறையாது. ஸ்டியரிங் இடது பக்கம். அதிகாரியிடமிருந்து அதை வாங்கிய அரிசிக் கடை முதலாளி, காரோடு அதன் ஓட்டுநரையும் வைத்துக்கொண்டார். ஓட்டுநரை இங்கே கோவிந்தசாமி என்கிறேன். அது அவர் பெயரல்ல. காரணம் போகப்போகத் தெரியும்.

புறப்படும்போது முதலாளி எங்கள் முன்னாலேயே எச்சரித்தார். "வண்டில சின்ன சத்தம் வந்தாலும் ஓரங்கட்டிடணும், கோயிந்தசாமி. எதுனா ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்க."

"வுய், முசியே" என்றார் கோவிந்தசாமி. ஆம் ஐயா என்று பொருள். இருபத்திரண்டு வருஷம் அதிகாரிக்குச் சொல்லிப் பழகிய பதில். நாங்கள் எது கேட்டாலும், கண்ணாடியில் எங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அதையே சொன்னார். பிரெஞ்சு நாகரிகம் என்று வியந்தேன்.

காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். வேகமானி அறுபதைக் காட்டியபோது எனக்கு வியர்த்தது. பிறகுதான் அது கிலோமீட்டர் என்று நினைவு வந்தது. ரெட்டியார்பாளையம் தாண்டியதும் கமலா என் முழங்கையை இடித்தாள்.

"என்னங்க, யாரோ கூடவே மாவு அரைச்சிக்கிட்டு வர்ற மாதிரி இல்ல?"

கேட்டேன். முன்பக்கம், இடது சக்கரத்திலிருந்து வந்தது. வேகம் கூடினால் உறுமல் கூடியது. சாலை வலப்புறம் வளைந்தபோது ஓலமாக மாறியது. இடப்புறம் வளைந்தபோது அடங்கியது. ஓட்டுநரின் காலுக்கு நேர் கீழே இத்தனையும் நடந்தது. அவர் அமைதியாக ஓட்டினார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

ஆறு மைல் தாண்டி வில்லியனூரில் இறங்கியதும் கருகிய வாடை அடித்தது. சக்கரத்தின் நடுமூடியில் உள்ளங்கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். வலது சக்கரம் குளுகுளு என்றிருந்தது.

"சக்கரம் கொதிக்குதே!" என்றேன்.

கோவிந்தசாமி என் முகத்தைப் பார்த்தார், பிறகு சக்கரத்தை. "வெயிலு, முசியே."

மணி எட்டே முக்கால். தை மாதம்.

தரிசனத்தை முடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்பினோம். ரெட்டியார்பாளையத்தில் சாலையோரப் பட்டறை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் தனகோடி, நாற்பது வயது, காதில் பீடி. அவர் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பார்த்தார். பிடிப்பில்லாமல் சுழன்றது.

"பிரேக்கு, இல்லன்னா பேரிங்கு. பிரேக்க மிதிச்சா சத்தம் மாறுதா?"

நான் வாயைத் திறந்தேன். "நீங்க செத்த இருங்க சார். டிரைவர் சொல்லட்டும்" என்றார் தனகோடி. பயணிகளின் சாட்சியத்தைப் பட்டறைகள் ஏற்பதில்லை.

"கூடுது" என்றார் கோவிந்தசாமி.

"வளைவுல?"

"ஒண்ணும் இல்ல."

அப்படியானால் பிரேக் என்று தீர்ப்பானது. டிரம்மைக் கழற்றி, உள்ளே இருந்ததைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மாட்ட ஒரு மணி நேரம் பிடித்தது. பிரேக்கில் கோளாறு ஏதும் கண்ணில் படவில்லை என்று தனகோடியே முணுமுணுத்தார். பிறகு கோவிந்தசாமி ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார, நான் பின்னால் ஏற, கார் விழுப்புரம் சாலையில் பாய்ந்தது.

ஓலம் முன்னைவிட நன்றாகவே கேட்டது. மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மாடுகள் தலை தூக்கின. கோவிந்தசாமி எங்களைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல."

தனகோடி திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பட்டறைக்குத் திரும்பும்படி கையைக் காட்டினார்.

இறங்கியதும் தனகோடி சக்கரத்தை மறுபடி தூக்கினார். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை அச்சில் பதித்து, மரப்பிடியைத் தன் காதோரம் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றச் சொன்னார். ஒரு நொடி கேட்டார். பிறகு கோவிந்தசாமியின் தோளைத் தொட்டு உட்காரவைத்து, அதே பிடியை அவர் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார். நான் சக்கரத்தைச் சுழற்றினேன்.

கோவிந்தசாமியின் முகம் மாறியது.

"அடக் கடவுளே, அரைக்குதே! மணலப் போட்டு அரைக்கிற மாதிரி..." கையை எடுத்த தனகோடியைத் தடுத்து, "இன்னொரு வாட்டி" என்றார். மூன்று தடவை சுழற்றினேன்.

"எத்தினி வருசமா காது மந்தம், அண்ணே?" தனகோடி அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"அஞ்சாறு மாசம். இன்னிக்கிக் கால்ல ஒரு நடுக்கம் தெரிஞ்சுது. ரோடுதான்னு இருந்துட்டேன்." பிறகு என்னிடம் சொன்னார்: "மூக்குக்கண்ணாடி போட்டதுக்கே கடை லாரி டிரைவர நிறுத்திட்டாரு முதலாளி. இது தெரிஞ்சா என்னையும் அனுப்பிடுவாரு. வீட்ல ஏழு பேரு. எனக்கு வேற வேல தெரியாது, முசியே."

"தெரியாததயெல்லாம் தெரியும்னு சொல்லி என் ஒரு மணி நேரத்தத் தின்னுட்ட. கேக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா?" தனகோடி அதட்டினார். அதட்டலுக்கு நடுவிலேயே அவர் கை அச்சுமரையைக் கழற்றிக்கொண்டிருந்தது. "எலும்புல கேக்குதுல்ல? எங்கப்பனுக்கும் இப்படித்தான். பெரியாஸ்பத்திரில காட்டு. அடைப்பா இருக்கும்."

உள்ளே கிரீஸ் தாராகக் கறுத்திருந்தது. பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்புகள். பிரெஞ்சு வண்டிக்கு மில்லிமீட்டர் அளவு வேண்டும், விழுப்புரத்தில் கிடைக்காது. புதுச்சேரிக் கடைத்தெருவுக்குக் கோவிந்தசாமி சைக்கிளில் போய் வாங்கி வந்தார், பதினொரு ரூபாய். மாட்டி முடிக்க மணி ஒன்றரை. மரையை இறுக முடுக்கிவிட்டுத் தனகோடி கால் சுற்று தளர்த்தினார்; ஒரேயடியாக இறுக்கினால் மறுபடியும் சுடுமாம். கடைசியில் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடியை எடுத்து, பின்னால் வரும் ஹாரன் கேட்காவிட்டாலும் வண்டி தெரியட்டும் என்று வலது மட்கார்டில் பொருத்தினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

திருவக்கரை போகவில்லை. மாலை கடற்கரையில் நடந்தோம். நன்றாக இருந்தது, அதைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

ஐந்து மணிக்குக் காரை ஒப்படைத்தபோது முதலாளி என்னைத்தான் கேட்டார். "பேரிங் போச்சாமே. சத்தம் வந்ததும் நிறுத்தினானா, சார்?"

கோவிந்தசாமி என் உதடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உடனே நிறுத்தினார்" என்றேன். கமலா கடையில் இருந்த அரிசி மூட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

விடுதிக்குத் திரும்பும் வழியில், "நீங்க சொன்னது சரியா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். இன்றும் அதே பதில்தான். பாவம் பார்ப்பது சுலபம்; அன்று என் பயணம் முடிந்திருந்ததால் இன்னும் சுலபமாக இருந்தது.

பழைய கார் எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பத்து மைலுக்கு ஒரு தடவை நிறுத்தி நான்கு சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள், உள்ளங்கை வேண்டாம். ஒன்று மட்டும் சுட்டால் மேலே போகாதீர்கள். பிரேக்கை மிதிக்கையில் சத்தம் மாறினால் பிரேக்கைச் சந்தேகியுங்கள். வளைவில் மாறினால் பேரிங்கை. பட்டறையில் உங்களைப் பேச வேண்டாம் என்றாலும் பேசுங்கள். வில்லியனூருக்கு அரை நாள் போதும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, விடுதி வாசலிலிருந்து பார்த்தேன். கோவிந்தசாமி ஓட்ட, அதே கார் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புறப்பட்டது. பெரியவர்கள் நான்கு பேர், குழந்தைகள் மூன்று.