இருவரும் விட்டுக்கொடுத்த வரி

இக்குறிப்பை எழுதத் தயங்கிச் சில திங்களைக் கழித்துவிட்டேன். நடந்ததை முழுமையாக அறிந்தவர் நால்வரே. அவர்களுள் மூத்தவன் நான். திருத்திய பதிப்பு வெளிவந்துவிட்டபடியால், பிழை இருந்த முதற்பதிப்பை இனி எவரும் தேடப்போவதில்லை. ஆயினும் அப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பது எழுதப்படாமற் போனால், நாளை வேறு நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, எங்களைப் போலவே ஒருவரையொருவர் மதித்து, எங்களைப் போலவே பிழை செய்வர். அவ்வச்சமே என்னை எழுத வைக்கிறது.

கல்லூரியில் தமிழ் பயிற்றி ஓய்வுபெற்ற நான் கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருக்கிறேன். சங்ககிரியில் டேங்கர் வண்டி வைத்திருப்போர் சிலர், தம் ஓட்டுநர்களுக்கென நல்ல தமிழில் ஒரு பாதுகாப்புக் கையேடு வேண்டுமென்று என்னிடம் வந்தனர். சமையல் எரிவளியைத் துறைமுகத்தில் ஏற்றிச் சென்று, தொலைவிலுள்ள நிரப்பு நிலையங்களில் இறக்கும் வண்டிகள் அவை. அதுவரை ஓட்டுநர்களுக்குக் கொடுக்கப்பட்டவை ஆங்கிலத் தாள்கள். கையொப்பமிட்டு வாங்கி, இருக்கைக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்கள்.

நால்வர் அமர்த்தப்பட்டோம். ஆத்தூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர். எரிவளி நிலையங்களிலேயே தம் பணிக்காலத்தைக் கழித்தவர். நாமக்கல் வட்டாரத்து உழவர் குடியில் பிறந்த அம்மையார் ஒருவர். ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவர். சங்ககிரியை அடுத்த சிற்றூரினரான பழைய ஓட்டுநர் ஒருவர். முப்பது ஆண்டு டேங்கர் ஓட்டியவர். நான்காமவன் நான், மொழிநடைக்கும் முழு நூலின் ஒழுங்குக்கும் பொறுப்பாளன்.

கூட்டுப் பணியின் இனிமையை என் வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் உணர்ந்தேன். அதுவரை நான் எழுதியவை யாவும் தனியே எழுதியவை. பொறியாளர் அழுத்தத்தையும் வெப்பத்தையும் விளக்குவார். அம்மையார், ஓட்டுநர்கள் எதை மறப்பார்கள் என்று சொல்வார். பழைய ஓட்டுநரோ எங்கள் மூவருக்கும் தோன்றாததைத் தோன்றச் செய்வார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்கவேண்டும் என்று நாங்கள் எழுதியிருந்தோம். சரிவான இடத்தில் எந்தப் பக்கம் வைப்பது என்று எழுதவில்லையே என அவர்தாம் கேட்டார். ஒருவர் அறிவு மற்றவர் அறிவின் இடைவெளியை நிரப்பியது. இப்படியொரு நூலை நானொருவனே பத்தாண்டு முயன்றாலும் எழுதியிரேன்.

நூலின் நடுப்பகுதி, சரக்கை இறக்கும் முறை. அதை இரண்டாகப் பகுத்தோம். வண்டி நிலையத்துள் நுழைவது முதல் குழாயைத் தொடுவதற்கு முன்பு வரை பொறியாளர் எழுதினார். குழாயைப் பொருத்துவது முதல் கழற்றுவது வரை அம்மையார் எழுதினார். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு செயல் உண்டு. ஓடிவந்த வண்டியின் உடலில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். ஒரு கம்பியை வண்டியில் மாட்டி, அம்மின்னூட்டத்தை மண்ணுக்கு அனுப்பிய பின்னரே குழாயைத் தொடவேண்டும். மாட்டாது விட்டால், கசியும் எரிவளி பற்றிக்கொள்ளச் சிறு பொறி ஒன்று போதும். ஓட்டுநர்கள் அதை எர்த் கம்பி என்பர். புவியிணைப்புக் கம்பி என்று நான் பெயரிட்டேன்.

அச்செயலைப் பொறியாளர் தம் பகுதியின் இறுதி வரியாக எழுதியிருந்தார்; அம்மையார் தம் பகுதியின் முதல் வரியாக எழுதியிருந்தார். ஒரே செய்தி அடுத்தடுத்து இருமுறை வருவது நடைக்கு இழுக்கு என்று எனக்குப் பட்டது. யாரேனும் ஒருவர் நீக்கிவிடுங்கள், யார் என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். யார் நீக்கவேண்டும் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிருந்தது. இருவர் மனமும் நோகாதிருக்க அதை அவர்களிடமே விட்டேன். பண்பென்று கருதியே அவ்வாறு செய்தேன்.

அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. திருத்திய பகுதிகளைத் தனித்தனியே எனக்கு அனுப்பினர். நான் இரண்டையும் இணைத்து மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு சொற்றொடரும் செம்மையாக இருந்தது. நூல் அச்சேறியது.

கையேடு வழங்கிய நான்காம் நாள் முற்பகல், பழைய நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஆக்கிய கலைச்சொற்களைக் காணவேண்டும் என்றார். புவியிணைப்பு என்னும் சொல்லை அவருக்குக் காட்டப் பக்கங்களைப் புரட்டினேன். இருக்கவேண்டிய இடத்தில் அச்சொல் இல்லை. முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். முட்டுக்கட்டை வைத்தலுக்கு அடுத்த படி, குழாயைப் பொருத்துதல் என்றிருந்தது. இடையில் ஒன்றுமில்லை. அதே பக்கங்களை நான் மீண்டும் மீண்டும் புரட்டியதை நண்பர் கண்டிருக்கவேண்டும். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

பொறியாளரை அழைத்தேன். தம் படியை எடுத்துப் பார்க்கும்வரை அவர் நம்பவில்லை.

“நீங்கதானே ஐயா சொன்னீங்க, ஒரு எடத்துல இருந்தாப் போதும்னு. அந்தம்மா எழுதினது என்னோடதைவிடச் சுருக்கமா இருந்துச்சு. அதே இருக்கட்டும்னு என்னோடத எடுத்துட்டேன்” என்றார்.

அடுத்து அம்மையாரை அழைத்துக் கேட்டேன்.

“அவுரு எவ்வளவு பெரியவருங்க. அவுரு எழுதுனதை எடுக்கச் சொல்லி நான் வாயைத் தொறக்க முடியுங்களா? நான் எழுதுனதைத்தான் அடிச்சுப்போட்டனுங்க.”

பேசினால் போட்டியாகிவிடும் என்று இருவரும் அஞ்சியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவருக்கு இடம் விட்டு விலகியதில், அவ்விடமே வெறுமையாயிற்று.

அனுபவமிக்க ஓட்டுநர்களைப் பற்றி எனக்குப் பெரும் அச்சமில்லை. அவர்கள் கைகள் நூலைக் கேட்டுச் செயற்படுவதில்லை. அஞ்சவேண்டியது புதியவர்களைப் பற்றியே. அவ்வாரம் புதிதாய்ச் சேர்ந்த ஒன்பதின்மருக்கு எங்கள் கையேட்டைக் கொண்டே பயிற்சி அளித்திருந்தார்கள். பயிற்சி நாளன்று அம்மையாருக்குக் காய்ச்சல். அவருக்கு மாற்றாக வந்தவர், நூலில் உள்ளதை உள்ளபடியே வாசித்து முடித்திருந்தார். அவ்வொன்பதின்மருள் ஐவர் அன்று சாலையில் இருந்தனர். நூலை நம்பியவனுக்கே அந்நூல் ஆபத்தாய் நின்றது.

உடனே சங்ககிரிக்குப் பேருந்து ஏறினேன். அந்நெடுஞ்சாலையில் டேங்கர்கள் செல்வது அன்றாடக் காட்சி. அதுவரை அவற்றை நான் உற்றுப் பார்த்ததில்லை. அன்று ஒவ்வொன்று முந்திச் செல்லும்போதும், ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து அகவையைக் கணிக்க முயன்றேன். இளமையாய்த் தெரிந்த முகம் கடந்தால் எழுந்து நின்று பார்த்தேன். அருகில் அமர்ந்திருந்தவர் எனக்கு உடல் நலமில்லையா என்று இருமுறை வினவினார்.

வண்டிக்கொட்டகையின் அலுவலறையில் மற்ற மூவரும் முன்பே கூடியிருந்தனர். ஐவருள் நால்வர் தொலைபேசியில் கிடைத்துவிட்டனர் என்றார் அம்மையார். ஐந்தாமவர் கிடைக்கவில்லை. அவர், எங்கள் பழைய ஓட்டுநரின் மருமகன். முன்பு செங்கல் லாரி ஓட்டியவர். எரிவளி வண்டியில் அது முதற்பயணம். காலையில் நிரப்பு நிலையத்தின் வாயிலை அடைந்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அதன்பின் அவர் தொலைபேசி அணைந்திருக்கிறது. வாயிலிலேயே தொலைபேசியை அணைத்துக் காவலரிடம் ஒப்படைக்கவேண்டும் என்று, சொல் சொல்லாகச் செதுக்கி நான் எழுதிய விதி ஒன்று அக்கையேட்டில் இருந்தது. அதை அவர் வழுவாது பின்பற்றியிருந்தார்.

நிலையத்தின் அலுவலக எண்ணுக்குப் பொறியாளர் மீண்டும் மீண்டும் முயன்றார். மணி ஒலித்து ஒலித்து ஓய்ந்தது.

அந்நேரத்தில் கூட்டுப் பணியின் மற்றொரு முகத்தையும் கண்டேன் என்பதை நேர்மை கருதி எழுதவேண்டும். எவரும் எவரையும் குறை கூறவில்லை. பொறியாளர் விடுபட்ட படியை இரண்டு வரியில் எழுதினார். அம்மையார் அதைத் தம் பேச்சிலேயே பதிவுசெய்து ஓட்டுநர் குழுக்கள் அனைத்துக்கும் அனுப்பினார். பழைய ஓட்டுநர் தமக்குத் தெரிந்த சாலையோர உணவகங்கள், வண்டி நிறுத்தங்கள் யாவற்றுக்கும் பேசினார். ஒரு மணி நேரத்துக்குள், கையேடு பெற்ற ஏறத்தாழ எல்லாரையும் திருத்தம் எட்டியது. தனியொருவன் பிழையாயிருப்பின் இவ்விரைவு கைகூடியிராது. ஆனால் தனியொருவன் எழுதியிருப்பின் அவ்வரி விடுபட்டும் இராது. இவ்விரு எண்ணங்களுக்கும் நடுவே நான் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன்.

அச்சுப்படியை நீங்கள் படித்தீர்களே, கவனிக்கவில்லையா என்று பழைய ஓட்டுநரை மெல்லக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கவனிச்சனுங்க. எர்த் கம்பியக் காணமேன்னு நெனச்சனுங்க. மூணு பேரு படிச்சவிய பாத்த பொஸ்தகம், வேற பக்கத்துல எங்காச்சும் வச்சிருப்பீங்கன்னு உட்டுட்டனுங்க” என்றார்.

அவரே தொடர்ந்தார்.

“ரெண்டு வண்டி எதிரெதிரா வந்து, நீ போ நீ போன்னு லைட்டைப் போட்டுட்டு நின்னாப்பல ஆயிப்போச்சுங்க நம்ம கதை.”

சிரிப்பதற்காகவே அவர் சொன்னார். பொறியாளர் சிரிக்க முயன்று, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்போது பழைய ஓட்டுநரின் மகள் அழைத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. கணவர் உண்டாரா என்று கேட்க முயன்றிருக்கிறாள். கிடைக்காமையால் தந்தையிடம் கேட்கிறாள். எங்கள் முன்னிலையிலேயே அவர் பேசினார். “உள்ள போயிருப்பாரு சாமி. போனை வாங்கி வச்சிருப்பாங்க. வெளிய வந்ததும் கூப்புடுவாரு” என்ற குரலில் சற்றும் நடுக்கமில்லை. தொலைபேசியை மேசைமீது வைத்ததும், நிலையத்தின் எண்ணை இன்னொருமுறை முயலும்படி பொறியாளரிடம் சொன்னார்.

நண்பகல் கடந்தது. எவரோ உணவுப் பொட்டலங்கள் வாங்கி வைத்தனர், நாங்கள் பிரிக்கவில்லை. ஒவ்வோர் அழைப்பு மணிக்கும் நால்வரும் ஒருசேரத் திடுக்கிட்டோம். நிரப்பு நிலையத்தில் தீ என்னும் செய்தி முதலில் யாருக்கு வரும், எந்த எண்ணிலிருந்து வரும் என்று என் உள்ளம் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. அவ்வாறு கணக்கிட்டதற்கு இன்றும் நாணுகிறேன்.

இரண்டு மணிக்குப் பின் பழைய ஓட்டுநரின் தொலைபேசி ஒலித்தது. திரையில் மருமகனின் பெயர். அனைவரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார்.

“ஏனுங்க மாமா, இத்தனை தடவை கூப்புட்டிருக்கறீங்க. ஊட்டுல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா?”

ஒன்றுமில்லை என்றார் மாமனார். சரக்கு இறக்கியாயிற்றா என்று கேட்டார். பின்பு, கேட்கத் தயங்கியே, கம்பியை மாட்டினாயா என்று கேட்டார்.

“அதையேன் கேக்கறீங்க. பொஸ்தகத்துல இருக்கறாப்பல முட்டுக்கட்டை வச்சுப்போட்டு ஓஸ் குழாயத் தூக்கப்போனன். அங்கிருக்கற ஆளு ஒருத்தரு, கம்பி எங்கடான்னு சத்தம் போட்டு ஓடியாந்தாரு. பொஸ்தகத்துல இல்லீங்களேன்னு காட்டுனன். பொஸ்தகத்தைத் தூக்கி அந்தப்பக்கம் போடுன்னுட்டு, அவரே வந்து மாட்டுனாருங்க. நாலு பேரு முன்னால மானம் போச்சுங்க மாமா.”

போகட்டும் என்றார் பழைய ஓட்டுநர். எழுந்து கொட்டகைக்கு வெளியே சென்று, நின்றிருந்த வண்டியொன்றின் சக்கரத்தருகே குந்திவிட்டார். அம்மையார் அவர் பின்னால் சென்றார். பொறியாளரும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் அமர்ந்திருந்தோம்.

அந்நிலையத்து ஊழியர் யாரென்று இன்றுவரை நான் அறியேன். எங்கள் கல்வியையோ அகவையையோ அவர் பொருட்படுத்தவில்லை. எவர் மனமும் நோகுமே என்று தயங்கவில்லை. கண்ட குறையைக் கண்டபோதே கூவினார். குழுவாய் இயங்குவதன் முழுப்பயனும் அத்தகைய ஒருவர் குழுவுக்குள் இருக்கும்போதே கிட்டும் என்று இன்று நம்புகிறேன். எங்கள் குழுவில் அவர் இல்லை. நால்வரும் நல்லவர்களாயிருந்தோம்.

முதற்பதிப்பை இயன்றவரை திரும்பப் பெற்றோம். திருத்திய பதிப்பில் அவ்வரி பொறியாளர் பகுதியின் இறுதியிலும் உண்டு, அம்மையார் பகுதியின் தொடக்கத்திலும் உண்டு. நான் இரண்டையும் தொடவில்லை. பழைய ஓட்டுநர் இப்போது கூட்டங்களில் முதலில் பேசுகிறார். அவர் பேசி முடிக்கும்வரை நாங்கள் வாய் திறப்பதில்லை என்பது எழுதப்படாத விதி. எனினும் என் அச்சம் தீரவில்லை. விடுபட்ட ஒன்றைக் கண்டுகொண்டோம். கண்டுகொள்ளாதவை எத்தனை என்று யாரறிவார்? புதியவர் எவரேனும் முதன்முறை சரக்கு இறக்கச் செல்லும் நாட்களில் அக்கையேட்டை எடுத்து முதலிலிருந்து படிக்கிறேன். செம்மையான சொற்றொடர்களைக் கண்டால் இப்போது ஐயம் எழுகிறது.

இதைப் படிப்போருள் டேங்கர் ஓட்டுவோர், நிலையங்களில் பணிபுரிவோர் பலர் இருக்கக்கூடும். செயல்முறையைப் பற்றி நான் இங்கு எழுதியவற்றில் பிறழ்ச்சி இருப்பின், அன்று மற்ற மூவருள் எவரேனும் சொன்னதை என் நினைவு திரித்திருப்பின், தெரிவித்து உதவுக. முதியவன் எழுதியது, வேறு யாரேனும் சொல்லியிருப்பர் என்று விட்டுவிட வேண்டா. பலர் ஒரே பிழையைச் சுட்டினாலும் சலிப்பின்றி ஒவ்வொன்றையும் படிப்பேன்.