நாற்பத்து மூன்று பெயர்கள்

எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது மாற்றத்தில் நகலெடுப்பு வந்து நின்றதும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "அங்கயே போய் முட்டிக்கிறியே, உனக்குக் கண்ணு இல்லையா?" என்று திரையைத் திட்டுகிறார். மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறார். அங்கே வந்து சேரவே ஆறு மணி நேரம் ஆகும். இது இருபத்தாறாவது தடவை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா, வயதில் மூத்தவர்களுக்கும். நோயாளிகளுக்கு நரம்பில் மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம். பத்தொன்பது வருடங்களாக யார், எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்ற குறிப்பெல்லாம் எஸ்விஎன் என்ற பழைய மென்பொருளில் கிடக்கிறது. அதை அப்படியே கிட் என்ற புதியதற்குக் கொண்டுபோவது அக்காவின் வேலை. என்றைக்கோ ஒருவர் மொத்தக் கோப்புறையையும் தவறுதலாக இடம் மாற்றி, மறுநாள் திரும்ப வைத்திருக்கிறார். நகலெடுப்பு அந்த இடத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

பழையதில் சுருக்கப் பெயர்கள்தான். கிட் முழுப்பெயர் கேட்கும். நாற்பத்து மூன்று பேரையும் அக்கா தேடிப் பிடித்தார். ஒருவர் இறந்துபோயிருந்தார். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டபோது அவர் மனைவி, "அவரு எழுதினது இன்னும் ஓடுதாம்மா?" என்றாராம். "தினமும் ஓடுதுங்க" என்று போனை வைத்த அக்கா அரை மணி நேரம் இருக்கைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போதும்க்கா. இப்ப ஓடறதை மட்டும் எடுத்துக்குவோம். பழசை யாரு பாக்கப் போறா?"

"குழந்தைங்களுக்கு வேகத்தைப் பாதியாக்கற வரி ஒண்ணு இருக்கு. ஏன்னு அந்தக் குறிப்புலதான் இருக்கு. நாளைக்கு யாராவது வேண்டாத வரின்னு தூக்கிட்டா?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

"நான் எத்தனை நாளைக்கு?"

மேலாளர் கைப்பேசியில் தேதியைப் பார்த்துச் சொன்னார். பழைய சர்வரை வெள்ளிக்கிழமை அழித்துவிடுவார்கள். ஒரு நகலாவது வைத்துக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டார். பாதுகாப்பு விதி இடம் தராதாம்.

அடுத்த மூன்று நாளும் அக்கா முக்கியமான குறிப்புகளை நிரலுக்குள்ளேயே ஒவ்வொன்றாக எழுதிவைத்தார். முதலில் குழந்தைகளுக்கான அந்த வரி. மொத்தம் எழுபது முடிந்தது. இருந்தது பதினான்காயிரம்.

வெள்ளி மதியம் பத்தொன்பது வருடமும், மற்றவர்கள் பெயரோ குறிப்போ இல்லாமல் ஒரே பதிவாக, அக்காவின் பெயரில் ஏறத் தயாராக நின்றது. "அத்தனை பேரோட உழைப்பையும் நான் ஒருத்தி முழுங்கின மாதிரி இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல்.

என்ன மாறியது என்று ஒரு வரி எழுதச் சொல்லித் திரை காத்திருந்தது. எழுதினார், அழித்தார். வேறு மாதிரி எழுதி அதையும் அழித்தார். கடைசியில் ஒரே ஒரு புள்ளி வைத்துப் பொத்தானை அழுத்தினார்.