அப்பாவுக்குக் காட்டவேண்டாம்

நாலு வயதுப் பிள்ளை ஒருவனுக்கு ஒளிக்கப் பழக்கியவள் நான். அதன் பழியை அவனுடைய தகப்பன் தன் தலையில் போட்டுக்கொண்டபோது வாய் திறக்காமல் நின்றவளும் நான்தான்.

என் கணவருக்கு இது தெரியாது. என்னோடு வேலை செய்தவர்களுக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். ஏன் உங்களுக்கு? உங்களை எனக்குத் தெரியாது என்பதாலாக இருக்கலாம்... அல்லது உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை தரையில் இருந்து விளையாடிக்கொண்டிருக்கலாம் என்பதாலும் இருக்கலாம்.

அப்போது 2009ஆம் ஆண்டு. லண்டனில், வால்தம்ஸ்டோவில் தேவாலய மண்டபம் ஒன்றில் நடந்த நேர்சரியில் நான் உதவி ஆசிரியை. அங்கே வேலை செய்தவர்களில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே தமிழ்ப் பிள்ளை யார் வந்தாலும் என் பொறுப்பில் விடுவார்கள்.

பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து எழுதுவது என் வேலையில் ஒரு பகுதி. அதைச் செய்யச் சம்பளம் தருகிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்! அந்த ஆண்டு தை மாதத்தில், ஆண் பிள்ளைக்கு இது, பெண் பிள்ளைக்கு இது என்ற பிரிவினை இனி எங்கள் நேர்சரியில் இருக்கக்கூடாது என்று முகாமையாளர் ஷெரில் முடிவு செய்தார். ரோசா நிறத்தில் இருந்த விளையாட்டு அடுப்பை நானே பச்சை நிறமாக்கினேன். கார்ப் பெட்டியைத் தூக்கிப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்தேன்.

எத்தனை அதிசயங்கள்! மரச் சுத்தியலை எடுத்த ஒரு பெண் குழந்தை, ஆணி அறையவில்லை. இடிசம்பல் இடிக்கிறாளாம். பொம்மை வண்டிலை எடுத்த மூன்று ஆண் பிள்ளைகள், அதில் பொம்மையை ஏற்றி மண்டபத்தைச் சுற்றி ஓடினார்கள். வளைவில் பொம்மை விழுந்தது. மூவரும் நின்றார்கள். ஒருவன் பொம்மையின் தலையைத் தடவி மன்னிப்புக் கேட்டான். அவனிடம் அதை யாரும் சொல்லவில்லை. பிறகு மறுபடியும் ஓடினார்கள்.

மாசி மாதத்தில் தமிழ்ப் பெற்றோருக்காக ஒரு சிறிய கூட்டம் வைத்தோம். நான்தான் பேசினேன். விளையாட்டுச் சாமானுக்கு ஆண், பெண் என்று கிடையாது. பிள்ளை எதை எடுத்தாலும் அதன் மூலம் எதையோ அறிய முயல்கிறது. நாங்கள் குறுக்கே நிற்கக்கூடாது. இப்படியெல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு தாய் மட்டும், சொல்லச் சுகம், வீட்டுக்குப் போனால் இவருக்கு யார் விளங்கப்படுத்துவது என்று கணவரைக் காட்டினார். ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ரமணனும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

ரமணன், நான் சொன்ன அந்த நாலு வயதுக் கவினின் தகப்பன். பரிஸில் பத்து வருடம் இருந்துவிட்டு, முந்தைய கோடையில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். வீடுகளுக்கு மாபிள் பதிக்கும் வேலை. மனைவிக்குப் பின்னேர ஷிப்ட் என்பதால் பிள்ளையைக் கூட்டிப்போக அவர்தான் வருவார். கவினுக்கு ஆங்கிலம் இல்லை. தமிழும் கொஞ்சம் பிரெஞ்சும்தான். ஆகவே அந்த மண்டபத்தில் அவன் பேசக்கூடிய ஒரே பெரிய ஆள் நான். இதை நீங்கள் மறக்கவேண்டாம். நான் மறந்துவிட்டேன்...

சேர்க்கும் நாளில், பிள்ளைக்கு என்ன விளையாட்டு விருப்பம் என்று படிவத்தில் எழுதுவதற்காகக் கேட்டிருந்தேன்.

“பெடியன்தானே அக்கா. காரும் பந்தும் இருந்தாக் காணும்,” என்றார் ரமணன்.

ஒரு வசனம். ஒரு சிரிப்பு. இந்த இரண்டையும் வைத்து நான் ஒரு முழு மனிதனைக் கட்டிவிட்டேன். கடுமையான மனிதன். பிள்ளையின் கையில் பொம்மையைக் கண்டால் முகம் கறுக்கிற மனிதன். அப்படி ஒருவரைக் கட்டுவதற்கு வேண்டிய சாமான்கள் எனக்கு எங்கிருந்து கிடைத்தன? அவரிடமிருந்து இல்லை என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

கவின் காரையும் எடுக்கவில்லை, பந்தையும் எடுக்கவில்லை. முதல் கிழமையே ஒரு குழந்தைப் பொம்மையை எடுத்தான். மண்ணிறப் பொம்மை, ஒரு கண் மூடாது. அதற்கு மீனு என்று பெயர் வைத்தான். தண்ணீர்த் தொட்டியில் அதைக் குளிப்பாட்டுவான். இறக்குமுன் முழங்கையைத் தண்ணீரில் வைத்துச் சூடு பார்ப்பான். நாலு வயதுப் பிள்ளை! துவாயால் சுற்றுவான். தோளில் போட்டு முதுகில் தட்டுவான். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். முழங்கை வைத்துப் பார்க்க இவனுக்கு யார் பழக்கியது என்றுகூட ஓரத்தில் எழுதினேன். எழுதினேனே தவிர, கேட்கவில்லை.

ஒருநாள் மூன்று மணிக்குச் சற்று முன், யன்னல் வழியாக ரமணன் படலையைத் திறப்பதைக் கண்டேன். கவின் பொம்மையைத் தோளில் போட்டிருந்தான். நான் போய் அதை வாங்கி, குளிருடுப்புகள் தொங்கும் இடத்துக்குப் பின்னால் வைத்தேன். ஏன் என்று கேட்டான்.

“அப்பாவுக்குக் காட்டவேண்டாம்,” என்றேன்.

அவ்வளவுதான். யோசித்துச் சொன்னதல்ல. கை நழுவிய கோப்பையைப் பிடிப்பதுபோல வாயில் வந்துவிட்டது. அவனைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன். மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கடுத்த நாளும்.

இரண்டாம் கிழமையில் நான் எழுந்து போகவேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டுக்குப் போகுமுன் சாமான்களை அடுக்கப் பாடும் பாட்டுத் தொடங்கியதும் கவின் தானாகவே பொம்மையைக் கொண்டுபோய் உடுப்புகளுக்குப் பின்னால் வைத்தான். பிறகு கார்ப் பெட்டிக்குப் போனான். ஒரு சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு வந்து கதவடியில் நின்றான்.

காரை எடு என்று நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை! பொம்மையை ஒளித்தால் மட்டும் போதாது, கையில் வேறொன்று இருக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? அன்று எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. வியப்புத்தான் வந்தது. எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் சனங்களின் முகங்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தம் நடந்த வன்னியிலிருந்து செய்தி வரும், அல்லது வராது. ரமணனின் மூத்த சகோதரி அங்கே பிள்ளைகளோடு அகப்பட்டிருந்தார். ஐந்து கிழமையாகத் தொடர்பு இல்லை. வேலையை விட்டுவிட்டு, நகரத்தின் நடுவில் நடந்த ஆர்ப்பாட்டங்களில் போய் நிற்பார். தாடி வளர்ந்திருந்தது. இந்த நிலையில் இருக்கும் மனிதருக்கு இதையும் ஏன் காட்டவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாருங்கள், நியாயம் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது!

சித்திரைக் கடைசியில் ஒருநாள் அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. கவின் பொம்மையைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தான். தகப்பனைக் கண்டான். ஓடினான். உடுப்புகளுக்குள் பொம்மையைத் திணித்துவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றான். கையில் கார் இல்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

ரமணன் மெதுவாக வந்து குந்தினார். உடுப்புகளுக்குள் கையை விட்டுப் பொம்மையை எடுத்தார். கவின் அது தன்னுடையது இல்லை என்றான்.

அவர் கோபிக்கவில்லை. பொம்மையைப் புரட்டிப் பார்த்தார். சுற்றியிருந்த துவாயின் கழுத்தடி மடிப்பை இரண்டு விரலால் இளக்கிவிட்டார். பழகிய கை... பிள்ளையை ஏந்திய கைக்குத்தான் அது தெரியும்.

“நல்லாச் சுத்தியிருக்கிறான். கழுத்துத்தான் கொஞ்சம் இறுக்கம்,” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, கவின் பிறந்தபோது மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்ததையும், ஆறு மாதம் பிள்ளையைத் தானே குளிப்பாட்டி வளர்த்ததையும் இரண்டு வசனத்தில் சொன்னார். கூட்டத்தில் நான் பேசியது சரி என்று அன்றைக்கே நினைத்ததாகவும் சொன்னார்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது.

“அக்கா, என்னைக் கண்டோடன ஏன் ஒளிக்கிறான்?” என்று ரமணன் கேட்டார்.

“அது சும்மா ஒரு விளையாட்டு,” என்றேன்.

கவின் என்னை அண்ணாந்து பார்த்தான். அந்த மண்டபத்தில் நாள் முழுவதும் அவனுடைய மொழியில் பேசிய ஒரே பெரிய ஆளை...

ரமணன் தலையை ஆட்டினார். நம்பவில்லை. நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்து, அது விளையாட்டு என்று எந்தத் தகப்பன் நம்புவான்?

“இப்ப வீட்டில சத்தம் கூட அக்கா,” என்றார். “டிவி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம். நானும் கத்திப்போடுறன், அழுதும்போடுறன். பிள்ளை எனக்குப் பயந்திட்டான் போல.”

இல்லை, அவன் உங்களுக்குப் பயப்படவில்லை, நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை நான் விடவில்லை. கூட்டத்தில் கைதட்டு வாங்கியவள், இரண்டு மாதமாகப் பொம்மையை ஒளிக்க வைத்தாள் என்று தெரிந்தால்? ஷெரில் என்ன நினைப்பார்? இந்த மனிதர் என்ன நினைப்பார்? அவ்வளவுதான் என் கவலை. பிள்ளை அதில் எங்குமே இல்லை!

அன்று குறிப்புப் புத்தகத்தில், கவின் ஒளித்து விளையாடி மகிழ்ந்தான் என்று எழுதினேன். அப்போதுதான் முதன்முறையாக அதில் பொய் எழுதினேன்.

ஷெரிலின் கண்ணிலும் ஏதோ பட்டிருக்கிறது. அந்த வீட்டில் எல்லாம் சரியா என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். அவர்களுடைய ஊரில் யுத்தம், தகப்பனுக்கு மனம் சரியில்லை என்றேன். சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. இருந்தும் முழுப் பொய். என் பிழையைத் தூக்கி யுத்தத்தின் மீது போட்டேன்.

அதன் பிறகு ரமணன் மாறினார். மூன்று மணிக்கு வந்தால் உள்ளே வரமாட்டார். படலையடியில் நின்று, பிள்ளை தன்னிடம் வரும்வரை காத்திருப்பார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். வீட்டில் டிவியை நிறுத்திவிட்டதாக ஒருநாள் சொன்னார்.

“போன் வந்தாலும் இப்ப றோட்டில போய் நிண்டுதான் கதைக்கிறனான். அவன் பயப்பிடக்கூடாதெல்லோ,” என்றார்.

வைகாசி முடிவில், ஒரு முகாமிலிருந்து அவருடைய சகோதரியின் குரல் கிடைத்தது. அதையும் அவர் வீட்டு வாசலுக்கு வெளியே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மழையில் நின்றுதான் கேட்டிருக்கிறார். சகோதரியின் மூன்று பிள்ளைகளில் இருவர்தான் மிச்சம் என்ற செய்தியையும் அங்கே நின்றுதான் கேட்டிருக்கிறார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரலில் ஒரு சிறு பெருமை இருந்தது. பிள்ளைக்காகச் செய்த காரியம் அல்லவா!

திருத்த முயன்றேன். பொம்மையைக் கொண்டுபோய் கவினிடம் நீட்டி, இனி அப்பாவுக்குக் காட்டலாம், அப்பாவுக்கு விருப்பம் என்றேன்.

“வேண்டாம். அது பெட்டையளின்ர,” என்றான்.

அது பெண் பிள்ளைகளின் சாமான் என்று நான் ஒருநாளும் அவனிடம் சொன்னதில்லை. தகப்பனும் சொல்லியிருக்கமாட்டார். காட்டவேண்டாம் என்று மட்டும்தான் நான் சொன்னேன். ஏன் காட்டக்கூடாது என்பதை அந்தப் பிள்ளை தானாகத் தேடியிருக்கிறது. யார் எதை எடுக்கிறார்கள், யார் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மண்டபம் முழுவதையும் பார்த்து, ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. நான் மூலையில் இருந்து பிள்ளைகளைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அதே நாட்களில், அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்... அவன் கண்டடைந்தது, நான் அழிக்கப் பாடுபட்ட அதே பிரிவினை.

பிறகு நேர்சரியை விடும் நாள்வரை அவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகவில்லை. காரோடு விளையாடினான். சத்தமாக ஓட்டினான். எல்லாரையும்போல.

ஆடி மாதம், நேர்சரியில் அவனுடைய கடைசி நாள். புரட்டாதியில் அவன் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். குடும்பமும் தென் லண்டனில் உள்ள நோர்பரிக்கு இடம் மாறுவதாக இருந்தது. கவின் வெளியே படலையில் தொங்கிக்கொண்டிருந்தான். ரமணன் ஒரு பெட்டி லட்டோடு உள்ளே வந்து, தயங்கி, குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அவன் இப்பவும் எனக்குப் பயப்பிடுறானோ?”

இன்னொரு தடவை கிடைத்தது, பாருங்கள். ஒரு மனிதர் என் முன்னால் நின்று உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார். இதைவிடத் தெளிவாக யார் கேட்பார்கள்?

“இல்லை. இப்ப சரியாகிட்டுது,” என்றேன்.

முன்பு அவரால் ஏதோ பிழையாக இருந்ததுபோல! அந்த ஒரு சொல்லோடு அவருடைய குற்றத்தை நான் உறுதிப்படுத்தி, அவரிடமே கொடுத்தனுப்பினேன். அவர் கண் கலங்கி, நன்றி சொன்னார். எல்லாம் உங்களால்தான் அக்கா என்றார். நான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது கவின் வளர்ந்த ஆண். நோர்பரி தூரமில்லை. விலாசத்தைக் கேட்டறிய எனக்கு ஒரு பின்னேரம் போதும். போகவில்லை. போனால் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசிப்பேன். தகப்பனிடமா, மகனிடமா? மகனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. காரணம் ஞாபகம் இல்லாமல், பழக்கம் மட்டும் அவனிடம் மிச்சம் இருக்குமா? யாராவது கதவைத் திறந்து வரும்போது அவனுடைய கை இன்னும் எதையாவது மறைக்கப் போகுமா? அறிய எனக்கு ஆவலாகத்தான் இருக்கிறது. அறிந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

உங்களிடம் சொன்னால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. சொல்லவேண்டிய ஆள் நீங்கள் இல்லையே.