பொட்டில்லாமல் மேடைக்கு

வெள்ளவத்தை ரயில் நிலையத்தில், கலியாணச் சேலையுடன் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். இன்று அக்காவின் மகளுக்குக் கலியாணம். அதற்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். "பொட்டு வைக்காமல் மேடைப் பக்கம் வராதை" என்று அக்கா மண்டப வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் கச்சான் கடலை விற்கும் பெண் கேட்கிறாள்: "ஏன் தங்கச்சி, கலியாண நேரத்தில இஞ்ச தனிய இருக்கிறீங்கள்?"

காரணத்தைச் சொல்கிறேன்.

"அப்ப ஊருக்குத் திரும்பிப் போறீங்களோ?"

"ஓம்."

கோட்டைக்குப் போகும் ரயில் வந்து நிற்கிறது; அங்கே இறங்கித்தான் யாழ்ப்பாண ரயில் பிடிக்க வேண்டும். எழும்ப மனம் வரவில்லை. கண்ணை மூடி ஜெபிக்கிறேன். வீட்டில் ஒருவரும் என்னோடு கதைக்காத நாட்களிலும் கர்த்தர் என்னோடு இருந்தார். ஒரு தகுதியும் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்ட கிருபை அது. அந்த நினைவில் நெஞ்சு ஆறுகிறது, பயமும் விட்டுப்போகிறது. ரயில் புறப்படுகிறது.

"ரயிலை விட்டிட்டீங்களே" என்கிறாள் அவள்.

"மண்டபத்துக்குப் போறன். பொட்டும் வைக்க மாட்டன், ஒளிக்கவும் மாட்டன்."

மேடையில் அக்கா முறைக்கிறாள். நான் ஏறிப்போய், மணமகளின் தலையில் கைவைத்து, எல்லோருக்கும் கேட்க இயேசுவின் பெயரால் ஆசீர்வதிக்கிறேன்.

"சின்னம்மா, பக்கத்தில நில்லுங்கோ" என்கிறாள் மணமகள். நிற்கிறேன்.