யாருமே ஏறாத நிறுத்தம்

என் அண்ணனுக்குக் கோபமே வராது. எங்கள் குடும்பத்துக்கு வரவேண்டிய கோபம் முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன் என்று அண்ணி சொல்வாள். இருக்கலாம். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத அந்த மனுஷனைக் குற்றவாளி மாதிரி உட்காரவைத்து விசாரித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். ஓட்டியவன் என்று எழுத வேண்டும், கை வரவில்லை. அவன் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது. அதனால் டிப்போவில் அவனுக்கு ‘மெத்தை’ என்று பெயர். “வீட்லயும் மெத்தைதான், உக்காந்தா எழுப்ப முடியாது” என்பாள் அண்ணி. நிறுத்தத்தில் வண்டியின் படி நடைபாதையை ஒட்டி நிற்க வேண்டும் அவனுக்கு. ஒரு சாண் தள்ளி நின்றால்கூட, வயதானவர்கள் ரோட்டில் இறங்கி ஏற வேண்டுமே என்று மறுபடி ஒடித்து ஒட்டி நிறுத்துவான். டயர் உரசித் தேய்கிறது என்று மெக்கானிக் கத்துவார். அண்ணன் சிரித்துவிட்டு, மறுநாளும் உரசிக்கொண்டுதான் நிறுத்துவான்.

அவன் ஓட்டிய பதினேழாம் எண் வண்டி, பெரிய ரோட்டிலிருந்து திரும்பி ஆஸ்பத்திரிச் சந்துக்குள் போய் வரும். சந்துக்குள் போகிற வண்டி அது ஒன்றுதான், ஓட்டுகிறவனும் அவன் ஒருவன்தான். சந்தின் கடைசியில் டயாலிசிஸ் மையம். என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதிலிருந்து, வாரத்துக்கு மூன்று நாள் எங்களுக்கு அங்கேதான் பிழைப்பு. நான் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கூடப் போக முடியாது. “அண்ணன் வண்டிதானே, அவன் பார்த்துக்குவான்” என்ற தைரியத்தில்தான் அவரைத் தனியாக அனுப்புவேன்.

ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வெளியே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? துணியைப் பிழிந்து உதறியது போல வருவார்கள். ஊசி எடுத்த இடத்தில் கட்டு. ரத்தம் கசியாமல் இருக்க ஒரு கை அந்தக் கட்டை அழுத்திக்கொண்டிருக்கும். அழுத்தப்படுகிற கையோ வண்டியின் கம்பியைப் பிடித்திருக்கும். சட்டைப்பையில் இருக்கும் பயண அட்டையை எடுத்து மெஷினில் காட்ட மூன்றாவதாக ஒரு கை வேண்டும்.

அந்த மெஷின் வந்ததிலிருந்துதான் தொல்லை. மக்களுக்குச் சேவை செய்யப் போக்குவரத்து அலுவலகம் இரண்டு மெஷின்களை வண்டியில் மாட்டியது. ஒன்று, ஏறுகிறவர்கள் அட்டையை வைக்க வேண்டிய மெஷின். நோயாளிகளுக்குப் பயணம் இலவசம், ஆனாலும் அட்டையை வைத்தே ஆக வேண்டும். யார் எங்கே ஏறுகிறார்கள் என்று அது பதிந்துகொள்ளும். இன்னொன்று ஓட்டுநர் முன்னால் இருக்கும் சின்னத் திரை. ஒரு நிறுத்தத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் அது சிவப்பாகி, கத்தத் தொடங்கிவிடும். கத்தினால் டிப்போவிலிருந்து போன் வரும்.

நோயாளிகள் தடுமாறி ஏறி, கட்டை விட்டுவிட்டு அட்டையைத் தேட, பின்னால் இருப்பவர்கள் முணுமுணுக்க, திரை சிவப்பாக, என் அண்ணன் என்ன செய்வான்? “பரவால்ல, கார்டெல்லாம் வேணாம். நீங்க போய் உக்காருங்க முதல்ல” என்பான். போகிறவர்களையும் அப்படித்தான், வருகிறவர்களையும் அப்படித்தான். அந்தச் சந்தில் ஏறிய யாரையும் அவன் மெஷின் பக்கம் நிற்கவிட்டதே இல்லை. என் வீட்டுக்காரர்கூட, “மச்சான் வண்டில ஏறினா வீட்டுக்கே வந்துட்ட மாதிரி” என்பார்.

ஒரு நாள் அந்த நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பொதுமக்களின் பயணத் தரவுகளை ஆராய்ந்ததில் இங்கே பயணிகள் இல்லை என்று தெரிகிறதாம். அதனால் பொதுமக்களின் வசதிக்காகவே வண்டி இனிமேல் சந்துக்குள் வராதாம். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அனைவரும் வருக என்று கீழே ஒரு வரி. அதற்கு அடியில் என் வீட்டுக்காரரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் வண்டிக்காகக் காத்து உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டத்துக்கு அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனேன். பெரிய திரையில் நகரத்தின் வரைபடம். ஏறுகிறவர்கள் அதிகமாக இருக்கும் இடமெல்லாம் மஞ்சள் வட்டங்கள் பூத்திருந்தன. ஆஸ்பத்திரிச் சந்து துடைத்துவிட்டது போல இருந்தது. பேசிய அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எனக்குத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார். அவர் முரடராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாங்களா எதையும் முடிவு பண்றதில்லம்மா. டேட்டா என்ன சொல்லுதோ அதைத்தான் செய்யறோம்” என்றார்.

“அந்த டேட்டா என்னைக்காவது எங்க ஸ்டாப்ல வந்து நின்னிருக்கா சார்? ஒரு நாள் வரச் சொல்லுங்க. உக்கார இடம் இல்லாம எத்தனை பேர் சுவத்துல சாஞ்சு நிக்கிறாங்கன்னு பாக்கட்டும்” என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். சுவரில் ஒட்டியிருந்த, கறுப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு கட்டத்தைக் காட்டி, “இதை போன்ல ஸ்கேன் பண்ணி உங்க கருத்தைப் பதிவு பண்ணிடுங்க” என்றார்.

“நான் உங்க எதிர்லதானே நிக்கிறேன்? வாயால சொன்னா காதுல ஏறாதா?”

“இங்க சொல்றது கணக்குல வராதும்மா. அதுல போட்டாதான் வரும்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. நாலு பேர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அப்போதுதான் அண்ணன் எழுந்தான். பத்துப் பேர் நடுவில் பேசச் சொன்னால் வியர்த்துவிடும் அவனுக்கு. சீருடையின் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான்.

“சார், அந்த ஸ்டாப்ல ஆள் ஏறுறாங்க. தினமும் ஏறுறாங்க. நான்தான் கார்டு வைக்க வேணாம்னு சொல்லிட்டேன். பாவமா இருந்துச்சு. தப்பு என்னோடது சார், ஸ்டாப்பை எடுத்துடாதீங்க.”

வேலைக்கே உலை வைக்கும் பேச்சு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். அதிகாரி அண்ணனின் பெயரையும் பணி எண்ணையும் குறித்துக்கொண்டு, “நேர்மையா சொன்னதுக்கு நன்றி” என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் டிப்போவில் விசாரணை. நானும் கூடவே போய் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை, பேச்சு முழுதும் கேட்டது. பயணிகளைப் பதிவு செய்யாமல் ஏற்றியது குற்றம், நீங்களே நாலு பேர் முன்னால் ஒத்துக்கொண்டீர்கள், உங்களை வண்டியிலிருந்து இறக்குகிறோம், இனி கழுவும் பிரிவில் வேலை என்றார் மேலாளர்.

அண்ணன் மெதுவாகக் கேட்டான். “சரிங்க சார். அப்போ அவங்க ஏறினாங்கன்னு நம்புறீங்க, இல்லையா?”

“நம்பாமலா நடவடிக்கை எடுப்போம்?”

“அப்படின்னா அந்த ஸ்டாப்ல ஆள் இருக்குன்னு போட்டுடுங்க சார். என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க.”

“அது டேட்டா பிரிவு. பதிவுல இல்லாததை நாங்க எப்படிப் போடறது?”

அண்ணனைத் தண்டிப்பதற்கு அந்த நோயாளிகள் ஏறினார்கள். வண்டி விடுவதற்கு அவர்களில் ஒருவர்கூட ஏறவில்லை. நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். காவலாளியைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பினார்கள். வீட்டில் அண்ணி சாப்பாடு போட்டாள், அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிட்டான்.

சந்துக்குள் வண்டி வருவது நின்றது. டயாலிசிஸ் முடிந்து பெரிய ரோடு வரை நடக்க வேண்டும். முதல் நாள் அண்ணன் கழுவும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு வந்தான். பாதி வழியிலேயே என் வீட்டுக்காரரின் கட்டு சிவந்துவிட்டது. ஒரு கடை வாசலில் உட்காரவைத்து அழுத்திப் பிடித்தோம். கசிவு நின்ற பிறகு ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு போனோம். பெரிய ரோட்டில் பதினேழாம் எண் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் எங்களை விட்டுவிட்டு ஓடி, வண்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றான்.

ஓட்டியது அவனிடம் வேலை பழகிய பையன்தான். பதறிப்போய்க் கதவைத் திறந்தான். என் வீட்டுக்காரரின் முகத்தையும் கட்டையும் பார்த்துவிட்டு, “ஐயோ அண்ணே, கார்டெல்லாம் எதுக்கு? சீக்கிரம் ஏத்துங்க, நான் பாத்துக்கறேன்” என்றான்.

என் அண்ணன் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

“வேணாம்னு சொல்லாதடா! யார்கிட்டயும் அப்படிச் சொல்லாத!”

என் வீட்டுக்காரரின் சட்டைப்பையில் கையை விட்டு அட்டையை எடுத்து மெஷினில் அழுத்தினான். பதியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். ஓட்டுநர் முன்னால் இருந்த திரை சிவந்து கத்தத் தொடங்கியது. பின்னாலிருந்து கார்கள் ஹாரன் அடித்தன. அவன் கையை எடுக்கவில்லை. மெஷின் ‘பீப்’ என்று ஒலித்த பிறகுதான் என் வீட்டுக்காரரை உட்கார விட்டான்.