முதலில் ஆரோக்கியத்தின் பங்கு

இல்லை, மரம் நடப் போகவில்லை. பிடுங்கப் போனேன். பல்கலைக்கழகத்தில் பசுமைக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டு மரத்தைப் பிடுங்கலாமா என்று விடுதியில் எல்லோரும் கேட்டாயிற்று. சீமைக்கருவேலங்காட்டுக்குள் நடக்காதவர்கள் கேட்கிற கேள்வி. பரளச்சிப் பக்கம் ஒரு கண்மாய் முழுக்க அது மண்டிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் ஊரே சேர்ந்து தூரோடு எடுக்கப்போகிறது என்று தகவல் வந்தது. தேர்வு நெருங்கியதால் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். 1996, புரட்டாசி. நான் மட்டும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர், எட்டு ரூபாய். பாளையம்பட்டியில் கடைகளைப் பார்த்ததும் ஊர் வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். நான் எழுந்து, மீதி வழி நின்றுகொண்டே போனேன். அங்கிருந்து பரளச்சிக்கு வேறு பஸ். இரண்டு பக்கமும் வெடித்த கரிசல். கண்ணைத் தடுக்க எதுவும் இல்லை. இவ்வளவு வானத்தை நான் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

"யாரு வீட்டுக்கு?" என்றார் நடத்துனர்.

"வீட்டுக்கு இல்லை. கண்மாய்க்கு."

"தண்ணி கெடந்தாலாவது குளிக்கலாம். முள்ளுக்குள்ள போயி என்ன செய்யப் போறீக?"

இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. முதலில் கரை தெரிந்தது. குன்று என்று நினைத்தேன். கிட்டே போனால் மண். அத்தனையும் மனிதர் சுமந்து கொட்டியது. எந்தக் காலத்தில் என்று ஊரில் எவருக்கும் தெரியவில்லை. ஏறி நின்றேன். தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் காடு.

வீட்டுக்கு ஓர் ஆள் என்பது முறை. வராத வீட்டுக்கு அபராதம். கரி மூட்டம் போடும் நான்கு குடும்பங்களுக்கு மட்டும் விலக்கு. இதே மரத்தை வெட்டி, அடுக்கி, மண் பூசிப் புகையவிட்டு, கரியாக்கி விற்றுத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். தங்கள் சோற்றைத் தாங்களே பிடுங்கச் சொல்லக் கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்திருந்தது. அவர்கள் வெட்டக் கண்மாயில் ஆளுக்கொரு பங்கும் உண்டு. அந்தப் பங்குகளைக் கடைசியில் தொட்டால் போதும் என்று ஏற்பாடு.

அந்த நான்கு குடும்பங்களில் ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்து நின்றார். ஆரோக்கியம். நாற்பது வயதிருக்கும். கறுப்புக் கயிற்றில் சிலுவை, தோளில் கடப்பாரை.

வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த கருப்பசாமி பதறிவிட்டார். "ஒனக்குத்தான் விலக்கு குடுத்தாச்சே மதினி. வீட்ல இருக்க வேண்டியதுதான?"

"ஏன், ஒம் பொண்டாட்டி வராம ஏச்சுப்புட்டான்னு என்னைய வெரட்டுறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல ஏம் பங்கத் தோண்டுங்க."

"அத கடைசில பாத்துக்கிருவோம்."

"கடைசின்னா எனக்கு மனசு மாறிப்போகும்ப்பா. நானே மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்."

அவர் பங்கு மடைக்கு நேர் முன்னால். கண்மாயிலேயே ஆழமான இடம், அடர்ந்த மரங்கள். மேலே வெட்டிவிட்டு முதல் தூரைச் சுற்றித் தோண்டத் தொடங்கியபோது கரி லோடு ஏற்ற லாரி வந்தது. டவுன் வியாபாரி, எல்லோருக்கும் அவர் பாய். குழியைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தார்.

"என்னம்மா ஆரோக்கியம், அடிமடியிலயே கைய வைக்கீக? ஊர்க்காரவுக பிடுங்கட்டும். ஒங்க பங்க மட்டும் விடச் சொல்லுங்க. நான் எப்பவும் போல லோடு எடுத்துக்கிறேன்."

மடை முன்னால் அந்த மரங்கள் நின்றால், மற்ற இடமெல்லாம் பிடுங்கியும் வீண். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். விட்டுக்கொடு என்று அவரிடம் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. கருப்பசாமி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஆரோக்கியம் மரங்களைப் பார்த்தார்.

"ஏம் மக உப்புத் தண்ணி குடிக்கா பாய். கரியக் கரைச்சுக் குடுத்தா குடிப்பாளா?"

"சரிம்மா, கண்மா பெருகாட்டி?"

"ஒங்க வீட்டு வாசலுக்கு வாரேன். அங்கயும் இது முளைச்சிருக்குமில்ல, வெட்டிக்கிறேன்."

பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. தலையை ஆட்டிக்கொண்டே லாரிக்குத் திரும்பினார்.

வடக்கயிறு கட்டி இழுத்தோம். வரவில்லை. மறுபடி தோண்டி, மறுபடி இழுத்தோம். திடீரென்று எல்லோரும் மல்லாந்து விழுந்தோம். தூர் வெளியே கிடந்தது. அதன் ஆணிவேர் என்னைவிட நீளம், அதுவும் நுனி அறுந்தது. மீதி பூமிக்குள்ளேயே போயிருந்தது. எவ்வளவு தூரம்? ஆரோக்கியம் குழிக்குள் இறங்கினார். தோள்வரை மறைந்தார். அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் கையில் வைத்தார். ஈரம். இத்தனை வெயிலுக்குக் கீழே, ஈரம்.

"இம்புட்டையும் இதுதான் குடிச்சிருக்கு," என்றார். "அடுத்தது."

அவர் குரலில் பெருமை இல்லை. துக்கமும் இல்லை. இயக்கம் என்ற சொல்லை ஆண்டு முழுக்கப் பேசுகிறோம். அன்று அது கடப்பாரையோடு எனக்கு முன்னால் நடந்து போயிற்று. மழை வருமா, கண்மாய் பெருகுமா? எழுதுகிற இந்த நேரம் வரை தெரியாது.

போகிறவர்களுக்கு: ரப்பர் செருப்பு வேண்டாம், முள் ஏறிவிடும். டயர் செருப்பு அருப்புக்கோட்டையிலேயே கிடைக்கும். முழுக்கைச் சட்டை போடுங்கள். குடிதண்ணீரை டவுனிலிருந்தே கொண்டுபோங்கள். ஊரில் கேட்காதீர்கள், இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள். பரளச்சியிலிருந்து திரும்பக் கடைசி பஸ் மாலை ஆறு மணிக்கு.

நான் அதில் ஏறவில்லை. மறுநாள் காலை ஆரோக்கியத்தின் பங்கில் இன்னும் பாதி மீதி இருந்தது. கருப்பசாமியிடம் ஒரு கடப்பாரை வாங்கிக்கொண்டு அங்கே போனேன்.