கடைசி வகுப்பில் ஒரு பழைய சொல்

மன்னார் பட்டினத்தில் என் வீட்டு முன்னறையில் ஜெர்மன் சொல்லிக் கொடுக்கிறேன். படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கணவன்மார் ஜெர்மனியில் இருக்கிற பெண்கள். அடிப்படைப் பரீட்சையில் தேறினால்தான் அவர்கள் போய்ச் சேரலாம். பக்கத்துத் தாழ்வுபாடு கிராமத்திலிருந்து வந்த ஒருத்திக்கு நான்கு வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளை தகப்பனைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறது.

பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பில் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“சேர், அந்தப் பட அட்டையளை ஒருக்காச் செய்வமோ? அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

வாய்மொழித் தேர்வில் ஒரு படம் தருவார்கள். அதை வைத்து எதிரில் இருப்பவரிடம் ஏதாவது கேட்க வேண்டும்.

“ஓம், செய்வம்” என்று அட்டைக் கட்டை எடுத்தேன். முதல் அட்டையில் மீன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. பல்கலைக்கழகத்தில் படித்த மொழியியல் இந்த ஊரில் கேட்பாரற்றுக் கிடந்தது. ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் டச்சுக்கும் தாயான மொழியில் மீன் ‘ஃபிஸ்கஸ்’ என்றேன். அந்தச் சொல்லை எழுத்தில் கண்டவர் எவருமில்லை, மகள் மொழிகளை ஒப்பிட்டு ஊகித்தது, அதனால் முன்னால் நட்சத்திரக் குறி இட வேண்டும் என்று இட்டும் காட்டினேன். இலத்தீனில் பகரமாகவே நின்ற ஒலி இங்கே ஃபகரமானது, சொல் ஆண்பால், பன்மையில் ‘ஃபிஸ்கோஸ்’. வேற்றுமைகளால் பலகை நிறைந்தது. அவள் தலையாட்டியபடி அத்தனையையும் கொப்பியில் எழுதினாள். எனக்கோ கால் நிலத்தில் படவில்லை. அவளுடைய பஸ்ஸுக்கு நேரமானபோது மற்ற அட்டைகள் மேசையில் அப்படியே கிடந்தன.

அடுத்த மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“பெயிலாப் போனன் சேர். அட்டையைக் கண்டதும் ஒரு சொல்லும் வாயில வரேல்லை. நீங்கள் மினக்கெட்டுச் சொல்லித் தந்தனீங்கள், என்ர மண்டைக்குத்தான் ஏறேல்லை. குறை நினைக்காதேங்கோ.”

பிழை என்னுடையது, உன்னுடைய ஒரு மணி நேரத்தை என் பெருமைக்குத் தின்றுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் முகம் எரிந்தது. சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு.

“இனியாவது கவனமாப் படிக்கோணும்.”

“ஓம் சேர்” என்றவள் மகளின் பக்கம் குனிந்தாள். “சேருக்கு நன்றி சொல்லுங்கோ.”

பிள்ளை சொன்னது.